கணினித் தொழிலில் வினாவும் விடையும்

(இடையஞ்சாவடியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கணினித் தொழிலில் ஒருவரையொருவர் உதவி கேட்கும் முறையையும், கேட்டவர்க்கு உதவும் முறையையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு சங்கத்து நிர்வாகிகள் நம்மைப் பணித்தார்கள். இது படித்த இளைஞர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று முதியோர்கள் எண்ணுதல் வேண்டா. இன்று நம் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் ஒரு பிள்ளையாவது கணினி படிக்கின்றது. அப்பிள்ளை இரவு நெடுநேரம் விழித்திருந்து, திரையையே நோக்கி, முகம் வாடி, மறுநாட் காலையில் உண்ணாமற் புறப்பட்டுப் போவதைத் தாய்மார்கள் கண்டிருப்பார்கள். காரணம் வினவினால், “நிரல் ஓடவில்லை” என்று விடை வரும். அதற்குமேல் நமக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஆதலின் இது குடும்பங்கள் அனைத்திற்கும் உரிய பொருளேயாகும்.

நிரல் என்பது யாது? கணினி செய்யவேண்டிய காரியத்தை ஒன்றன்பின் ஒன்றாக, அதற்கு விளங்கும் மொழியில் எழுதிவைக்கும் கட்டளைத் தொடரே நிரலாகும். மனிதனுக்கு நாம் ஒன்றைச் சொல்லும்போது சொல்லிற் சிறு குறை இருப்பினும் அவன் குறிப்பறிந்து செய்வான். கணினிக்குக் குறிப்பறியும் ஆற்றல் இல்லை. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நிரல் முழுவதும் நின்றுவிடும். ஆண்டு பலவாக இத்தொழில் செய்வோர்க்கும் நாடோறும் பிழை நேர்கின்றது. பிழையைத் தேடித் திருத்துவதே இத்தொழிலிற் பெரும்பகுதியாகும். ஆகவே பிழை நேர்ந்தமைபற்றி எந்தப் பிள்ளையும் நாணவேண்டுவதில்லை. அது மூடத்தனத்தின் அடையாளமன்று.

நமக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களை நோக்குங்கள். அங்கே ஒருவருடைய பாத்தியிலே நீர் கலங்கினாலும், வரப்பு கசிந்தாலும், உப்பு பூக்கத் தாமதித்தாலும், அடுத்த பாத்தியில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். அவர் கேளாமலே வந்து யோசனை சொல்வார். வயலும் அவ்வாறே, தறியும் அவ்வாறே, தச்சுப் பட்டறையும் அவ்வாறே. பழைய தொழில்கள் யாவும் வெட்டவெளியிலோ பலர் நடுவிலோ நடந்தமையால், தொழிலாளியின் இடர்ப்பாடு தானே பிறருக்குப் புலப்பட்டது. நிரல் எழுதுபவனோ மூடிய அறையிலே தனித்திருக்கின்றான். அவனுடைய பாத்தி அவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். உதவ வல்லவன் சென்னையிலோ, சிங்கப்பூரிலோ, வேறெங்கோ இருக்கின்றான். இவன் எழுதும் சொற்களைத் தவிர அவனுக்குக் காணக்கிடைப்பது வேறொன்றுமில்லை. ஆகவே இத்தொழிலிலே கேட்டல் என்பதே ஒரு தனி வித்தையாயிற்று.

இவ்வித்தை இழிவானதன்று, இத்தொழில் வளர்ந்ததே இதனால்தான். சான்று கூறுவோம். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரத்திலே லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் கல்லூரி மாணாக்கர் ஒருவர் இருந்தார். 1991ஆம் ஆண்டு ஜூலை மாதம், தாம் எழுதிவந்த வேலைக்கு வேண்டிய தரவிதிகள் எங்கே கிடைக்கும் என்று அவர் மின்வலையிலே முன்பின் அறியாதவர்களிடம் கேட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் செய்துவருவதாகவும், அதில் எவ்வெவ் வசதிகள் இருத்தல் நலம் என்று அறிய விரும்புவதாகவும் மீண்டும் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 21. அவ்வாறு தொடங்கிய வேலையே லினக்ஸ் என்னும் பெயர் பெற்று, இன்று உலகத்தின் பெருங்கணினி நிலையங்களிலும், நாம் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அடிப்படையாக நின்று இயங்குகின்றது. ‘எனக்கு இது தெரியாது, தெரிந்தவர் சொல்லுங்கள்’ என்று கேட்க அம்மாணாக்கர் நாணியிருப்பாராயின் இவ்வேலை இவ்வளவு வளர்ந்திராது.

நம் தமிழெழுத்துக் கணினியில் ஏறிய வரலாறும் இத்தகையதே. 1990களின் பிற்பகுதியிலே, ஒருவர் அனுப்பிய தமிழ் மடல் மற்றொருவர் கணினியிற் படிக்கமுடியாத குறிகளாய்த் தோன்றும். எழுத்துருவுக்கு எழுத்துரு முறை வேறு. அக்காலத்தில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் வாழ்ந்த தமிழன்பர்கள் மின்மடல் வாயிலாக ஒருவரையொருவர் வினவியும், மறுத்தும், திருத்தியும் ‘திஸ்கி’ என்னும் பொது முறையொன்றை வகுத்தார்கள். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை முறையும் நிலைபெற்றது. பின்னர் யூனிக்கோடு முறை பரவியமையால் திஸ்கி வழக்கொழிந்தது. ஆயினும் தூரதேசங்களிலுள்ளார் கூலி பெறாது கேட்டும் சொல்லியும் நம் எழுத்துக்குச் செய்த உபகாரத்தை நாம் மறத்தலாகாது.

உதவுவோர் தூரதேசத்தில் மட்டும் இல்லை. சென்னையிலே லினக்ஸ் பயனர் குழுவினர் நெடுங்காலம் மாதந்தோறும் கூடியும், மடல்வழி வினாக்களுக்கு விடையளித்தும் பல இளைஞர்களை இத்தொழிலில் நிலைநிறுத்தினர். 2012ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தொடங்கப்பெற்ற ‘கணியம்’ என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப்பற்றித் தமிழிலேயே எழுதிவருகின்றது. அதன்வழி வெளிவந்த ‘எளிய தமிழில்’ என்னும் வரிசை நூல்களை எவரும் விலையின்றிப் பெறலாம். நம் ஜில்லாத் தலைநகராகிய விழுப்புரத்திலேயே ஒரு லினக்ஸ் பயனர் குழு உளது; அது கிராமத்து மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் கட்டணமின்றிப் பயிற்சியளித்து வருகின்றது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் உளர். நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரத்தில் இவ்வளவு வசதி இருக்க, ஒரு பிழையோடு நான்கு இரவு தனித்துப் போராடுதல் எதன்பொருட்டு?

இனி, கேட்கும் முறையைப்பற்றிச் சிறிது ஆராய்வோம்.

நம் நன்னூல் வினாவை அறுவகையாகப் பகுத்துள்ளது. அவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன. ஆசிரியர் தாம் அறிந்ததையே மாணாக்கரைச் சோதித்தற்குக் கேட்பது அறிவினா. அறியாதான் அறிதற்பொருட்டுக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணியமாட்டாது கேட்பது ஐயவினா. பொருளைப் பெறுதற்குக் கேட்பது கொளல்வினா. கொடுத்தற்குக் கேட்பது கொடைவினா. வினாவின் உருவிலே வேலை ஏவுவது ஏவல்வினா. எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இப்பாகுபாடு இன்றைய கணினிக் குழுக்களுக்கு அப்படியே பொருந்துகின்றது.

“இந்தக் கணக்குக்கு நிரல் எழுதித் தருவீர்களா? நாளைக் காலை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும்” என்று ஒருவர் எழுதுகின்றார். உருவத்தால் இது வினா. உண்மையில் இது ஏவல். கேட்பவர் தாம் ஒன்றும் முயலாமல் பிறர் முயற்சியை வேண்டுகின்றார். விடை கிடைத்தாலும் அவர் கற்பது ஒன்றுமில்லை; பரீட்சை மண்டபத்திலும், வேலைக்கான நேர்முகத்திலும் அது வெளிப்படும். குழுவிலே விடையளிப்பவர்கள் சம்பளம் பெறும் வேலைக்காரர்களல்லர். பகலெல்லாம் தம் தொழிலைச் செய்து, இரவிலே மனைவி மக்களுக்குரிய நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து அறியாதார்க்குக் கொடுப்பவர்கள். அவர்களை ஏவுதல் முறையன்று.

“என் நிரல் வேலை செய்யவில்லை, மிக அவசரம், யாராவது உதவுங்கள்” என்பது பெரிதும் வழங்கும் மற்றொரு வகை. இது அறியாவினாவாயினும், எதனை அறியவில்லை என்பது இதிற் கூறப்படவில்லை. வைத்தியரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லி, நாடியும் காட்டாது, நோவும் இடம் காட்டாது நிற்பதைப் போன்றது இது.

பின் எவ்வாறு கேட்பது? மூன்று செய்திகளைத் தவறாது சொல்லவேண்டும். யான் செய்தது இது, யான் எதிர்பார்த்தது இது, நேர்ந்தது இது. இம்மூன்றும் அமைந்தால் வினா பாதி விடையாகிவிடும். ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்கும் மாணவி ஒருத்தி, ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து உள என்று கணினியைக் கேட்கிறாள் என்று கொள்வோம். த, மி, ழ் என எழுத்து மூன்றே என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். கணினியோ 5 என்று விடை கூறுகின்றது. இப்பொழுது அவள் “பைத்தான் தவறாக எண்ணுகிறது” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. “பைத்தானில் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டேன், 3 வருமென எதிர்பார்த்தேன், 5 வந்தது, என் கட்டளை வரி கீழே உளது, எவ்வாறு எழுத்துக் கணக்கைப் பெறுவது?” என்று எழுதினாளாயின், அறிந்தவர் உடனே விடை கூறுவர்.

அவ்விடையும் அறியத்தக்கதே. யூனிக்கோடு முறையிலே ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு அலகு; ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு அலகு; தகரம் ஒன்று; ஆக ஐந்து. கணினி எண்ணியது அலகுகளை. நாம் எண்ணுவது எழுத்துக்களை. தமிழெழுத்து முறைப்படி பிரித்தெண்ணுதற்கு ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் நிரற்றொகுதி ஒன்றைத் தமிழன்பர்கள் செய்து எல்லோர்க்கும் பொதுவாக வைத்துள்ளார்கள். இவ்வொரு வினாவால் அம்மாணவி தன் நிரலைத் திருத்திக்கொள்வதோடு, எழுத்து கணினியில் எவ்வாறு அமர்ந்திருக்கின்றது என்னும் தத்துவத்தையும் கற்றவளாகின்றாள்.

இன்னும் சில விதிகள் உள. பிழை நேரும்போது கணினி காட்டும் செய்தியைச் சுருக்காமலும் மாற்றாமலும் அப்படியே எழுதவேண்டும். அது ஆங்கிலத்தில் இருத்தல்பற்றி அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. பைத்தானிற் பெரும்பாலும் அச்செய்தியின் கடைசி வரியே காரணத்தைச் சொல்லும். நிரல் ஆயிரம் வரி உடையதாயின் ஆயிரத்தையும் கொண்டுவந்து கொட்டாமல், பிழை தோன்றுதற்குப் போதுமான சில வரிகளை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டவேண்டும். அவ்வாறு பிரித்தெடுக்கும்போதே பலருக்குப் பிழை தானே அகப்பட்டுவிடுவதுண்டு. திரையைக் கைப்பேசியாற் படமெடுத்து அனுப்புவதினும் எழுத்தாகவே அனுப்புதல் நன்று. விடையளிப்பவர் அதனை எடுத்துத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்க அதுவே உதவும். முன்னரே ஒருவர் கேட்டு விடைபெற்ற வினாவோ என்று தேடிப் பார்த்தபின்னரே கேட்கவேண்டும். 2001ஆம் ஆண்டு எரிக் ரேமண்டு, ரிக் மோயன் என்னும் அமெரிக்கர் இருவர் வினவும் முறையைப்பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினர். பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட அதன் சாரமும் இதுவே: கேட்குமுன் நீ முயன்றாய் என்பதை உன் வினாவே காட்டவேண்டும்.

பெற்றோர்கள் கவனிக்கவேண்டியதும் ஒன்று உண்டு. பொதுவிடத்தில் வினவும்போது கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் முதலியவை நிரலோடு சேர்ந்து வெளிப்படாவண்ணம் நீக்கிவிட வேண்டும். பெண்பிள்ளைகள் தம் தொலைபேசி எண்ணை அறியாதார்க்குக் கொடுத்தல் வேண்டா. “தனியே பேசு, சொல்லித் தருகிறேன்” என்பவரிடம், “இங்கேயே சொல்லுங்கள், எல்லோரும் கற்போம்” என்று கூறிவிடலாம். விடை பெற்றபின், எவ்வாறு பிழை தீர்ந்தது என்பதை அவ்விடத்திலேயே எழுதிவைத்து நன்றி கூறவேண்டும். “தீர்ந்துவிட்டது” என்று மட்டும் எழுதிப் போய்விட்டால், அதே இடரோடு பின்னால் வருபவன் அங்கே வந்து ஏமாந்து திரும்புவான். தீர்த்த வழியை எழுதிவைத்தலே இத்தொழிலிற் செய்யத்தகும் கைம்மாறு.

இனி விடையளிக்கும் முறைக்கு வருவோம். கேட்பவர்க்கு மட்டும் விதி கூறி, விடையளிப்பவர்க்கு விதி கூறாது விடுதல் நடுவுநிலைமையாகாது.

நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி கல்லூரியிற் கணினி படித்து வந்தாள். அவள் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி வாசலை மிதித்தவள் அவளே. நான்கு நாள் முயன்றும் தீராத ஒரு பிழையை, மிக்க தயக்கத்தோடு ஒரு குழுவிலே கேட்டாள். ஒருவர், “இதுகூடத் தெரியாமலா படிக்க வந்தாய்?” என்று எழுதினார். வேறு சிலர் நகைத்தனர். அவள் அன்றே அக்குழுவை விட்டு நீங்கினாள். அதன்பின் எவரிடமும் ஒன்றும் கேட்டிலள். ‘இப்படிப்பு நமக்கு ஏற்றதன்று’ என்று வீட்டிலே சொல்லத் தலைப்பட்டாள். சில வாரம் கழித்து, அவள் எழுதிய வினாவைத் தற்செயலாய்க் கண்ட முன்பின் அறியாத ஒருவர், பிழை எந்த வரியில் உளது என்பதையும், அத்தகைய பிழை தமக்கும் பலமுறை நேர்ந்துளது என்பதையும் இரண்டே வாக்கியத்தில் எழுதி அவளுக்கு அனுப்பினார். அவள் படிப்பை முடித்து இன்று வேலையிலிருக்கின்றாள். ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் வாயிலை மூட இருந்தது. இரண்டு வாக்கியம் அதனைத் திறந்துவைத்தன. விடையளிப்பவர் கையில் இவ்வளவு வலிமை இருக்கின்றது என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

இது இவ்வூரில் மட்டும் நேர்வதன்று. 2008ஆம் ஆண்டு ஜோயல் ஸ்போல்ஸ்கி, ஜெப் ஆட்வுட் என்னும் இருவர் அமெரிக்காவில் நிறுவிய ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ என்னும் வினாவிடைக் களம் உலகத்து நிரலர்க்கெல்லாம் கலைக்களஞ்சியம் போல விளங்கியது. ஆனால் புதியவர்களுக்கும், பெண்களுக்கும், வேறு பல பிரிவினர்க்கும் தம் களம் வரவேற்பளிக்கும் இடமாகத் தோன்றவில்லை என்று அதனை நடத்துவோரே 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிப்படையாக எழுத நேர்ந்தது. அறிவு மிக்க இடத்திலும் அன்பு குறைந்தால் அறியாதார் அண்டமாட்டார் என்பதற்கு இது சான்றாகும்.

நன்னூலார் கூறிய கொடைவினா இங்கே பயன்படுவதாகும். கேட்டவர் செய்தி முழுவதும் சொல்லவில்லையாயின், “இப்படியா கேட்பது?” என்று சினவாமல், “உம் கணினியில் எந்தப் பதிப்பு உளது? பிழைச் செய்தியின் கடைசி வரி யாது?” என்று வினவவேண்டும். இவை கொடுத்தற்பொருட்டுக் கேட்கும் வினாக்கள்; கேட்கப்பட்டவரும் இவற்றால் அடுத்த முறை எவ்வாறு கேட்பது என்பதைக் கற்றுக்கொள்வர். அன்றியும், தாம் ஓட்டிப் பாராத விடையை உறுதியாகக் கூறுதல் கூடாது. தெரியாதாயின் தெரியாதென்று சொல்லுதலே பெருமை. நிரல் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடாமல், வழியைக் காட்டி, கடைசி அடியைக் கற்பவரே வைக்குமாறு விடுதல் நன்று.

நிற்க. ‘இப்பொழுது இயந்திரமே எல்லா வினாவுக்கும் விடை சொல்கின்றதே, மனிதரை ஏன் கேட்கவேண்டும்?’ என்று இளைஞர்கள் நினைக்கலாம். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ‘சாட்ஜிபிடி’ என்னும் உரையாடும் இயந்திரம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. அதற்குப் பின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ களத்தில் புதிய வினாக்கள் பெரிதும் குறைந்துவிட்டன. இயந்திரம் நகைப்பதில்லை, நள்ளிரவிலும் சலிப்பதில்லை, தமிழிற் கேட்டாலும் மறுப்பதில்லை. நாணமுள்ள பிள்ளைக்கு அது நல்ல துணையென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு குறை உண்டு. அவ்வியந்திரம் தவறான விடையையும் சரியான விடையைப் போன்ற உறுதியோடே சொல்லும். அதன் விடைகளைத் தம் களத்தில் இடலாகாதென்று 2022 டிசம்பரிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடுத்ததற்கு இதுவே காரணம். மற்றது, தனியறையில் இயந்திரத்தைக் கேட்டுப் பெற்ற விடை அவ்வறையோடே நின்றுபோகும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாது. இயந்திரம் இன்று கூறும் விடைகளும், முன்னே மனிதர்கள் பொதுவிடத்தில் எழுதிவைத்தவற்றைப் பெரிதும் கற்றே வந்தவை. எல்லோரும் ஊற்றிலே முகந்துகொண்டு, ஒருவரும் அதிலே சேர் வாராது விட்டால் ஊற்று நாளடைவில் தூர்ந்துபோகும்.

இனி, நம் சங்கத்தார் முன்னுள்ள முக்கியமான பிரச்சினைக்கு வருவோம்.

சங்கக் கட்டிடத்தின் முன்னறையில் இரண்டு கணினிகள் வைத்து, ஞாயிறுதோறும் மாலையில் மாணவர்கள் கூடி வினவவும், வேலையிலுள்ள நம் இளைஞர்கள் வந்து விடைகூறவும் ஏற்பாடு செய்யவேண்டுமென்று ஒரு யோசனை வந்துளது. அதனை யாவரும் ஆதரிக்கின்றனர். ஆனால் அது நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமா, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமா என்பதில் அபிப்பிராய பேதம் உளது. “சங்கத்தின் நிதி நம்மவர் சந்தாவினால் வந்தது, அது நம்மவர்க்கே பயன்படுதல் நியாயம், பிறர்க்கு அவரவர் சங்கம் உண்டு” என்று பெரியோர் சிலர் கூறுகின்றனர். அவர்கள் சொல்லைப் புறக்கணித்தல் நம் கருத்தன்று. அறைக்குள் இடம் குறைவு. நம் பிள்ளைகள் பின்தங்கியுள்ளனர். அவர்களுக்கு முதலிடம் கிடைக்குமோ என்னும் கவலை நேரியதே. ஆயினும் வாயிலை எல்லோர்க்கும் திறந்துவைத்தலே தகுதியென்று நாம் கருதுகின்றோம். காரணம் மூன்று.

முதலாவது: விடை என்பது உப்பு மேடு போன்றதன்று. மேட்டிலிருந்து ஒரு மூட்டை கொடுத்தால் ஒரு மூட்டை குறையும். விடையைப் பத்துப்பேர்க்குக் கொடுத்தாலும் கொடுத்தவரிடம் அது குறைவதில்லை. திருத்தம் பெற்று வளரவே செய்யும்.

இரண்டாவது: நம் பிள்ளைகள் இதுவரை பெற்ற விடைகளை நம் சமூகத்தார் மட்டுமா கொடுத்தனர்? அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாக்கியம் எழுதியவர் எக்குலத்தவர், எந்நாட்டவர் என்று அவளும் அறியாள். அவரும் அவளை அவ்வாறு வினவவில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் நிறுவனத்தை 2021ஆம் ஆண்டு 180 கோடி டாலருக்குப் ‘புரோசஸ்’ என்னும் நிறுவனத்தார் வாங்கினர். அக்களத்துச் செல்வமெல்லாம் கூலி பெறாத பல்லாயிரவர் எழுதிய விடைகளேயன்றி வேறென்ன? அவ்விடைகளை எவரும் எழுதியவர் பெயரைக் குறித்து எடுத்தாளலாமென்று உரிமை வழங்கப்பட்டிருப்பதனால் அன்றோ நம் இடையஞ்சாவடிப் பிள்ளையும் அவற்றைப் பயன்படுத்துகின்றது? உலகத்தாரிடம் கைந்நீட்டிப் பெற்றுவிட்டு, அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கதவடைத்தல் நன்றியாகுமா?

மூன்றாவது: இது நம் நன்மையையே கருதிய காரணம். நம்மவர் சிலர் வலைத்தளம் அமைக்க வல்லவர். தரவுத்தளம் அறிந்தவர் நம்முள் அரியர். பக்கத்துத் தெருவிலோ, மரக்காணத்திலோ, வானூரிலோ வேறு சமூகத்து இளைஞர் ஒருவர் அதில் வல்லவராயிருக்கலாம். நம் வாயில் அடைத்திருந்தால் அவர் எவ்வாறு உள்ளே வருவார்? மூடிய அறையிலே கேட்பவரும் குறைவு. விடைகூற வல்லவரும் குறைவு.

சமூகச் சங்கங்கள் எல்லோர்க்கும் கல்வி அளிப்பது புதுமையுமன்று. விருதுநகரிலே நாடார் சமூகத்தார் தங்கள் மகமைப் பணத்தைக்கொண்டு 1889ஆம் ஆண்டு க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். தங்கள் பிள்ளைகளின் கல்விக்காகத் தங்கள் பணத்தால் கட்டிய அப்பள்ளியில் பிற சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டனர். அதனால் அவர்கள் பிள்ளைகள் பின்தங்கிவிடவில்லை. அவர்கள் புகழும் குறையவில்லை.

ஆகவே நாம் இச்சபையாரை வேண்டிக்கொள்வன நான்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை அறையை ஊரார் பிள்ளைகள் யாவர்க்கும் திறந்துவைத்தல் வேண்டும். அதில் முதல் ஒருமணி நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்குதல் வேண்டும். கூட்டத்தில் வாய்திறவாத பிள்ளை அப்பொழுது வாய்திறக்கும். வேலையிலுள்ள நம் இளைஞர் ஒவ்வொருவரும் மாதத்தில் இரண்டு மணி நேரமேனும் இதற்குக் கொடுத்தல் வேண்டும்; வெளியூரிலுள்ளோர் கைப்பேசி வழியாகக் கொடுக்கலாம். கேட்கப்பட்ட வினாவையும் தீர்ந்த வழியையும் ஒரு குறிப்பேட்டில் எளிய தமிழில் எழுதிவைத்து, மாதத்துக்கு ஒன்றை நம் பத்திரிகையில் வெளியிடுதல் வேண்டும். ஆங்கிலம் வாராது என்னும் அச்சத்தாற் பின்னிற்கும் பிள்ளைக்கு அவ்வேடே முதல் ஆசிரியராகும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நிரல் உங்களுக்கு விளங்காவிட்டாலும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளை வாடியிருக்கக் கண்டால், “என்ன செய்தாய்? என்ன வருமென்று நினைத்தாய்? என்ன வந்தது?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். அது உங்களுக்குச் சொல்லி விளக்க முயலும்போதே அதன் மனம் தெளியும். தெளியாவிட்டாலும், ஞாயிறு மாலை இங்கே வந்து கேட்பதற்குரிய வினா அமைந்துவிடும்.

இளைஞர்களே! கேட்பதற்கு நாணாதீர்கள், கேட்டவரை நகையாதீர்கள். இன்று நீங்கள் கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள். நாளை சொல்லும் இடத்தில் இருப்பீர்கள். அந்நாளில் உங்கள்முன் வந்து நிற்கும் பிள்ளை எந்தத் தெருவினதாயினும், நீங்கள் பெற்றதை அதற்குக் குறையாது கொடுங்கள்.

இவ்விஷயத்தை உங்கள் தீர்மானத்துக்கு விட்டு அமர்கின்றோம்.